தோப்பிலிருந்து கோவிலுக்கு இழுத்த குறி

என் பெயர் மாயவன், வயது ஐம்பத்தெட்டு, தகப்பனார் பெயர் சின்னப்பையன், அவர் காலமாகிவிட்டார். பாப்பாரப்பட்டிக்கு மேற்கே மலையோரம் உள்ள கல்லுமேட்டூரில் சொந்த வீட்டில் குடியிருந்து விவசாயம் செய்து வருகிறேன். எட்டாம் வகுப்பு படித்தவன். எட்டாம் வகுப்பில் மாவட்டத்திலேயே முதலாவதாக வந்தேன் என்று முதலில் சொன்னேன். ஆய்வாளர் அவர்கள் மறுபடி கேட்டதன் பேரில், அந்தப் பரீட்சைக்கு நான் போகவே இல்லை என்று திருத்திச் சொல்கிறேன். என் மருமகன் வீரமணி யானை தாக்கி இறந்தது தொடர்பாகவும், அதற்கு என் தங்கை மகள் சசிகலாதான் காரணம் என்று வீரமணியின் தாயார் ராணியம்மாள் கொடுத்துள்ள புகார் தொடர்பாகவும் விசாரிக்கப்பட்டு இந்த வாக்குமூலத்தைக் கொடுக்கிறேன். யாரும் என்னை மிரட்டவில்லை. என் மகள் சுகுணாதான் என்னை ஆட்டோவில் ஏற்றி இங்கே அழைத்து வந்தாள்.

எங்கள் ஊரில் எந்தக் காரியமும் என்னைக் கேட்காமல் நடக்காது. போர்வெல் போட இடம் பார்ப்பது, பண்டிகைக்கு நாள் வைப்பது, பாகத் தகராறு வந்தால் கயிறு பிடித்து அளப்பது எல்லாம் நான்தான். கலெக்டர் அவர்களே மலையோர விவகாரங்களில் என்னிடம்தான் யோசனை கேட்பார் என்று சொன்னேன். அதைப் பதிவு செய்ய வேண்டாம் என்று இப்போது கேட்டுக்கொள்கிறேன். எனக்கு ஜானகியம்மாள் என்ற மனைவியும் சுகுணா என்ற ஒரே மகளும் உள்ளார்கள். சுகுணாவை மொரப்பூர் பக்கம் வீரமணிக்குக் கட்டிக் கொடுத்தேன். அவர் ரயில் நிலையத்துக்கு அருகில் இருசக்கர வாகனம் பழுது பார்க்கும் கடை வைத்திருந்தார். அந்தப் பக்கம் யானை கிடையாது. அங்கே பிள்ளைகள் யானையைப் படத்தில் பார்ப்பதோடு சரி.

சசிகலா தகப்பன் இல்லாத பெண். தருமபுரியில் கல்லூரி படித்து முடித்து, பெங்களூர் கம்பெனி ஒன்றுக்கு மேப் சம்பந்தமான வேலையை வீட்டில் இருந்தே கம்ப்யூட்டரில் செய்து வருகிறாள். சென்ற வருடம் ஒற்றைத் தந்தமுள்ள ஆண் யானை ஒன்று காட்டிலிருந்து இறங்கி எங்கள் ஊரைச் சுற்றித் திரிந்தபோது, அது எங்கே நிற்கிறது என்று தெரியாமல் ஜனங்கள் சொசைட்டிக்குப் பால் ஊற்றக்கூட வெளியே போக முடியாமல் இருந்தார்கள். அதன் பிறகு சசிகலா ஊரில் எல்லோருடைய செல்போனிலும் ஒரே மேப்பை ஏற்றிக் கொடுத்தாள். அதில் ஒருவர் விரலை வைத்து அழுத்தினால் அந்த இடத்தில் சிவப்புக் குறி விழும். வைத்தவர் பெயர் குறிக்குக் கீழே வரும். அந்த நிமிடமே அது எல்லோருடைய போனிலும் தெரியும். ஒருவர் வைத்த குறியை இன்னொருவரும் விரலால் இழுத்து இடம் மாற்றலாம், அப்படி மாற்றினாலும் கீழே இருக்கும் பெயர் மாறாது. கடைசியாக நகர்த்தியது யார் என்பது குறியைத் திறந்து பார்த்தால் மட்டும் உள்ளே தெரியும். வெளியே போகிறவர்கள் தாங்கள் இருக்கும் இடத்தைக் காட்டும்படி திறந்து வைத்துக்கொண்டால், அவர்கள் பெயர் போட்ட நீல வட்டம் ஒன்று ரோட்டின் மேல் ஊர்ந்து போவது எல்லோருக்கும் தெரியும். இந்த யோசனையைச் சசிகலாவுக்குக் கொடுத்ததே நான்தான் என்று நான் ஊரெல்லாம் சொல்லியிருக்கிறேன். நான் கொடுத்தது மேப்புக்கு ஒரு பெயர் மட்டும். பெரியவர் பாதை என்று வைத்தேன்.

எங்கள் ஊரில் யானையைப் பெரியவர் என்றுதான் சொல்வோம். அவர் நிற்கிற திசையில் விரல் நீட்ட மாட்டோம். நீட்டினால் நீட்டியவன் வீடு தேடி வருவார் என்பது எங்களுக்குப் பழக்கம். பக்கத்தில் உள்ள மரத்தையோ கிணற்றையோ முகத்தால் காட்டி, அதற்கு அந்தாண்ட என்று வாயால் சொல்வோம். மேப் வந்தபோது அவர் நிற்கிற இடத்தின் மேலேயே விரலை வைத்து அழுத்த ஒருவருக்கும் மனம் வரவில்லை. ஆகவே நான் ஒரு முறை ஏற்படுத்திக் கொடுத்தேன். அவர் எங்கே நின்றாலும், அதற்கு ஊர்ப் பக்கமாக ஒரு வயல் தள்ளிக் குறி வைக்க வேண்டும், பார்க்கிறவர்கள் அவர் அதற்கு அந்தாண்ட நிற்கிறார் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். எல்லோரும் அப்படியே செய்தார்கள். ஊருக்குள் இருந்து பார்க்கிறவர்களுக்கு இதனால் ஒரு குறையும் வரவில்லை, இன்னும் ஒரு வயல் தூரம் எட்டவே நின்றுகொள்வார்கள்.

சசிகலா மட்டும் இதை ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து, "மாமா, எல்லாரும் ஊருக்குள்ள இருந்தே பாக்கறாங்களா? மேக்கால மலையில இருந்து எறங்கறவனுக்கு உங்க குறி தப்பு வழி சொல்லும். குறிக்கு முன்னாடியே அவரு நிப்பாரு" என்றாள்.

"மலையில இருந்து எவம்மா எறங்கறான். காட்டுப்பன்னி எறங்கும். அதுங்ககிட்ட போனு கெடையாது" என்றேன்.

அங்கே இருந்த எல்லோரும் சிரித்தார்கள். சசிகலாவும் சிரித்துவிட்டு, "உங்ககிட்ட பேசி ஜெயிக்க முடியாதுங்க மாமா" என்று விட்டுவிட்டாள். அதன் பிறகு அவள் அதைப் பற்றிப் பேசவில்லை.

இந்த வைகாசியில் எங்கள் ஊர் மாரியம்மன் பண்டிகைக்குச் சுகுணாவும் மருமகனும் வந்திருந்தார்கள். வந்த அன்று சாயங்காலம் நான் மருமகனுடைய போனை வாங்கி அதில் மேப்பை ஏற்றினேன்.

"இந்த ஜில்லாவுல பெரியவரு எப்ப தூங்குவாரு, எப்ப முழிப்பாருன்னு தெரிஞ்ச ஆளு யாருன்னு எவனயாச்சும் கேட்டுப் பாருங்க மாப்ள" என்றேன்.

"கேக்கவே வேணாங்க மாமா. உங்க பொண்ணு சொல்லிச் சொல்லி எங்க கடைக்கு வர்ற கஸ்டமருக்கே தெரியுங்க" என்றார்.

"செவப்பா என் பேரு போட்டு எங்க குறி இருக்குதோ அங்க மட்டும் போவாதீங்க. மத்த எடத்துல கண்ண மூடிக்கிட்டு வண்டி ஓட்டலாம்" என்று சொன்னேன். ஒரு வயல் தள்ளி வைக்கும் வழக்கத்தை அவருக்கு நான் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்று இல்லை. எங்கள் ஊரில் பிறந்த யாருக்கும் அதை யாரும் சொன்னது கிடையாது, தானாகவே தெரியும். ஆகவே சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

மறுநாள் காலையில் மருமகன் என்னிடம் சொல்லாமல், மலை மேல் மேட்டுக்கொட்டாயில் இருக்கும் சிநேகிதர் ஒருவரிடம் பலாப்பழம் வாங்கி வருவதாகச் சுகுணாவிடம் மட்டும் சொல்லிவிட்டு வண்டியில் கிளம்பிப் போயிருக்கிறார். சுகுணாவுக்குப் பலாப்பழம் என்றால் உயிர். அவர் போனது எனக்குத் தெரியாது. நான் அதற்கு முன்பே எழுந்து கோவிலுக்குப் பந்தல் கால் நடப் போய்விட்டேன்.

அதன் பிறகு, சந்திரமோகனுடைய மாந்தோப்பில் பெரியவர் நுழைந்துவிட்டார் என்று தகவல் வந்தது. நானும் எங்கள் ஊரைச் சேர்ந்த நவநீதனும் ராமக்காளும் இன்னும் சிலரும் ஊருக்கு மேற்கே உள்ள பாறை மேல் ஏறிப் பார்த்தோம். பாறையில் இருந்து பார்த்தால் முதலில் முனியப்பன் கோவில், அதற்குப் பின்னால் ஒரு வயல், அதற்குப் பின்னால் மாந்தோப்பு தெரியும். மலையில் இருந்து இறங்கும் ரோடு தோப்புக்கு மேற்கே இரண்டாகப் பிரிகிறது. ஒன்று தோப்பு ஓரமாக நேராக ஊருக்குள் வரும். இன்னொன்று ஏரிக்கரை வழியாகச் சுற்றி வந்து கோவிலைத் தொட்டு ஊருக்குள் வரும். பெரியவருடைய முதுகு மாமரங்களுக்கு மேல் பனை உயரத்துக்குத் தெரிந்தது என்று சொன்னேன். உண்மையில் கிளைகள் ஆடுவதும், இலைகளுக்கு நடுவே ஒரு காதும் மட்டும்தான் தெரிந்தது.

நான் எப்போதும்போல் முனியப்பன் கோவிலின் மேல் குறி வைத்தேன். அதன் பிறகு, "தோப்புக்குள்ள மாங்கா தின்னுக்கிட்டு இருக்காரு, ஒருத்தரும் இந்தப் பக்கம் வராதீங்க, குறி வெச்சாச்சு" என்று ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் பேசி அனுப்பினேன், மருமகன் அந்தக் குரூப்பில் இல்லை. எல்லோரும் கும்பிடு போட்டுப் பதில் அனுப்பினார்கள்.

சற்று நேரத்தில் நவநீதன் என் போனைப் பார்த்து, "ஏண்ணா, உன் குறி நடந்து போவுது பாருண்ணா" என்றான்.

பார்த்தேன். கோவிலின் மேல் நான் வைத்த குறி வயலைத் தாண்டிப் போய், தோப்புக்குள் பெரியவர் நிற்கிற இடத்திலேயே நின்றது. கீழே மாயவன் என்று என் பெயர் இருந்தது. அவர் தலை மேல் நான் விரல் வைத்தது போல ஆகிவிட்டதே என்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன். யாரோ விளையாடுகிறார்கள் என்று நினைத்து, குறியைப் பிடித்து மறுபடியும் கோவிலுக்கு இழுத்து வைத்தேன். அது மறுபடியும் தோப்புக்குப் போனது. நான் மறுபடியும் இழுத்தேன்.

"எவன்டா அது, என் பேர வெச்சு வெளையாடறது" என்றேன்.

"பண்டிகைக்கு வழுக்கு மரந்தான் இருக்குதுன்னு பாத்தேன். இந்த வருசம் கயிறு இழுக்கற போட்டியும் இருக்குது போல" என்று நவநீதன் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு ரோசம் வந்துவிட்டது. சரியாகப் பிடித்து வைக்க வேண்டும் என்பதற்காக மேப்பை இரண்டு விரலால் பெரிதாக்கினேன். கோவிலும் தோப்பும் மட்டும் போன் முழுவதும் நிறைந்திருந்தன. அதனால் மேற்கே ரோடு பிரிகிற இடம் என் போனில் தெரியவில்லை.

அப்போது சசிகலாவிடமிருந்து போன் வந்தது. போனை எடுத்தால் மேப் மறைந்துவிடும் என்பதால் கட் செய்தேன். மறுபடியும் வந்தது. மறுபடியும் கட் செய்தேன். குறி அந்த நேரத்தில் தோப்புக்குப் போயிருந்தது. நான் அதை இழுத்து வந்து கோவிலின் மேல் வைத்து, விரலை எடுக்காமல் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். விரலை எடுக்காத வரை அந்தக் குறியை வேறு யாராலும் நகர்த்த முடியாது. இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தவளே சசிகலாதான். எவ்வளவு நேரம் பிடித்திருந்தேன் என்று கேட்கப்பட்டது. பக்கத்தில் நவநீதன் பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தான். காற்றுக்குத் தீக்குச்சி அணைந்து அணைந்து போய், கடைசியில் பற்றிக்கொண்டது. அவ்வளவு நேரம்.

ராமக்காள் தன் போனைக் கண்ணுக்குக் கிட்ட வைத்துப் பார்த்துக்கொண்டே, "அண்ணா, ரோடு பிரியற எடத்துல நீல வட்டம் ஒண்ணு நிக்குது. வீரமணின்னு போட்டுருக்குது. உன் மருமகன் பேரு அதுதான?" என்றாள்.

நான் விரலை எடுத்தேன். எடுத்த அந்த நிமிடமே குறி தோப்புக்குத் தாவியது. மேப்பைச் சுருக்கிப் பார்த்தபோது, நீல வட்டம் ரோடு பிரியும் இடத்தை விட்டு நகர்ந்துவிட்டது. ஏரிக்கரைப் பக்கம் திரும்பவில்லை. தோப்பு ஓரம் நேராக வந்துகொண்டிருந்தது. நாங்கள் எல்லோரும் பாறை மேல் நின்று கத்தினோம். காற்று மேற்கில் இருந்து எங்கள் முகத்தில் அடித்தது. வண்டிச் சத்தம் எங்களுக்கு நன்றாகக் கேட்டது. எங்கள் சத்தம் அவருக்குக் கேட்டிருக்காது. நீல வட்டம் சிவப்புக் குறிக்குப் பக்கத்தில் வந்து நின்றது. அதன் பிறகு வண்டிச் சத்தம் கேட்கவில்லை. வேறு எந்தச் சத்தமும் கேட்கவில்லை. பெரியவர் பிளிறினார், பூமி அதிர்ந்தது என்று ஊரில் நான் சொல்லிவிட்டிருக்கிறேன். அப்படி ஒன்றும் இல்லை. மாமரக் கிளைகள் ஆடுவது நின்றுபோயிருந்தது, அவ்வளவுதான்.

அதன் பிறகு நீல வட்டம் நகர ஆரம்பித்தது. தோப்பை விட்டு வெளியே வந்து வடக்கே ஏரியைப் பார்த்து வேகமாகப் போனது.

"ஓடறாரு, ஓடறாரு" என்று நவநீதன் என் முதுகில் தட்டினான். ராமக்காள் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"யாரு மாப்ளைன்னு நெனச்ச. மாயவன் மாப்ளடா" என்று நான் சொன்னேன். இதைச் சொன்னேன் என்று நானாகவே ஒப்புக்கொள்கிறேன்.

அதன் பிறகு நானே முன்னால் நின்று, எல்லோரையும் கூட்டிக்கொண்டு, பண்டிகைக்கு வாங்கி வைத்திருந்த பட்டாசையும் எடுத்துக்கொண்டு ஏரியைப் பார்த்து ஓடினேன். ஓடும்போது சசிகலா மறுபடியும் கூப்பிட்டாள். இந்த முறை எடுத்தேன். அவளும் எங்கோ ஓடிக்கொண்டே பேசினாள்.

"மாமா, வட்டத்துப் பின்னாடி போவாதீங்க. எல்லாரையும் தோப்பு ஓரத்துக்குக் கூட்டியாங்க."

"அவருதான் ஏரிக்கு ஓடறாரும்மா, நீ பாக்கலயா?"

"பாத்துட்டுத்தான் சொல்றேன். சந்திரமோகன் அண்ணன் தோப்புக்கு வடக்கால கல்லுக்கால் நட்டு முள்ளுக்கம்பி வேலி இருக்குது. வட்டம் நிக்காம நேரா தாண்டிப் போச்சு மாமா. மனுசன் அப்டிப் போவ முடியாது."

"பயத்துல தாண்டியிருப்பாரு" என்று சொல்லிக் கட் செய்தேன்.

நாங்கள் ஏரிக்கரை மேல் ஏறியபோது தண்ணீருக்குள் பெரியவர் நின்றிருந்தார். மருமகன் இல்லை. பெரியவருடைய ஒற்றைத் தந்தத்தில் ஒரு கட்டப்பை அதன் கைப்பிடியில் மாட்டித் தொங்கிக்கொண்டிருந்தது. பையும் பழமும் பிளந்து பலாச்சுளைகள் தண்ணீரில் மிதந்தன, அவர் துதிக்கையால் ஒவ்வொன்றாக எடுத்துத் தின்றார். நான் போனைப் பார்த்தேன். வீரமணி என்று பெயர் போட்ட நீல வட்டம் அவர் நிற்கிற இடத்தில் நின்றது. அவர் ஒரு அடி நகர்ந்தார், வட்டமும் நகர்ந்தது. மருமகன் அன்று லுங்கியும் பாக்கெட் வைக்காத பனியனும் போட்டிருந்ததால், போனைக் கட்டப்பைக்குள் போட்டுப் பழத்தோடு வண்டியில் மாட்டியிருக்கிறார் என்பது பிறகுதான் தெரிந்தது. பட்டாசைக் கையில் வைத்திருந்தவன் அப்படியே வைத்திருந்தான்.

அப்போது பைக்குள்ளிருந்து போன் மணி அடித்தது. பெரியவர் காதுகளை விரித்து அப்படியே நின்றார். மணி அடித்து ஓய்ந்து, மறுபடியும் அடித்தது. சுகுணாதான் வீட்டில் இருந்து, சாப்பிட எப்போது வருவீர்கள் என்று கேட்பதற்காகக் கூப்பிட்டிருக்கிறாள்.

அதன் பிறகு நாங்கள் திரும்பித் தோப்புக்கு ஓடினோம். நான் எல்லோருக்கும் முன்னால் ஓடினேன் என்று சொல்ல மாட்டேன். நவநீதன் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தான். தோப்பு ஓரத்துப் பள்ளத்தில் சசிகலா தனியாக உட்கார்ந்திருந்தாள். மருமகனின் தலை அவள் மடியில் இருந்தது. தன் துப்பட்டாவை அவர் இடுப்பைச் சுற்றிக் கட்டியிருந்தாள். அது என்ன நிறத்துத் துப்பட்டா என்று அப்போது தெரியவில்லை. வண்டி எதிர்ப் பக்கம் கிடந்தது, முன் சக்கரம் மடங்கிப் போயிருந்தது. மருமகனுக்கு நினைவு இருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார். நான் வரும்போதெல்லாம் எழுந்து நிற்பது அவர் பழக்கம்.

"மாமா, பிரியற எடத்துல நிறுத்திப் பாத்தேனுங்க. மொதல்ல தோப்புல இருந்துச்சு. நான் ஏரி ரோட்டுக்குத் திருப்பிட்டேன். அப்பறம் பாத்தா ஏரி ரோடு வந்து சேர்ற கோவிலுக்குப் போயிடுச்சு. உங்க பேருதான் போட்டிருந்துச்சு. அவரு நகந்துட்டாரு, மாமா கூடவே பாத்துக்கிட்டு இருக்காருன்னு..." என்றார். அவர் என்னைக் குறை சொல்லவில்லை. நான் சொன்னபடிதான் செய்தேன் என்று எனக்குத் தெரிவிப்பது போலச் சொன்னார்.

இதை அவர் சொல்லும்போது பள்ளத்தில் நானும் சசிகலாவும் மட்டும்தான் இருந்தோம். மற்றவர்கள் வண்டி பிடிக்க ரோட்டுக்குப் போயிருந்தார்கள். அதன் பிறகு ஒரு தக்காளி வண்டி கிடைத்தது. கூடைகளை இறக்கிவிட்டு அவரைப் படுக்கவைத்துக் கொண்டுபோனோம். பாப்பாரப்பட்டி வருவதற்கு முன்பே அவர் பேச்சு நின்றுவிட்டது. மருத்துவமனையில் பார்த்துவிட்டு, உயிர் இல்லை என்று சொன்னார்கள்.

அடக்கத்துக்கு மொரப்பூரில் இருந்து ராணியம்மாளும் சொந்தக்காரர்களும் வந்திருந்தார்கள். அங்கே சந்திரமோகன் மேப்பில் அந்தக் குறியைத் திறந்து, கடைசியாக நகர்த்தியவர் சசிகலா என்று இருப்பதை எல்லோருக்கும் காட்டினான். நான் விரலை எடுத்தபோது தோப்புக்கு நகர்த்தியது அவள்தான், ஆகவே அவள் பெயர்தான் கடைசியாக நின்றது. அதற்கு முன் யார் எத்தனை முறை நகர்த்தினார்கள் என்பது அதில் வராது. ராணியம்மாள் சசிகலாவின் தலைமுடியைப் பிடித்து, "எம்மவன் வர்ற நேரம் பாத்து எதுக்குடி குறிய மாத்துன. அவன் உனக்கு என்னாடி பண்ணான்" என்று கேட்டாள். சசிகலா முடியை விடுவித்துக்கொள்ளாமல் நின்றாள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "நான் வெச்சது வெச்ச எடத்துல இருந்திருந்தா இது நடந்திருக்குமா" என்று நான் சொன்னேன். நான் சொன்னதை எல்லோரும் நம்பினார்கள். பாறை மேல் என்னோடு இருந்த நவநீதனும் ராமக்காளும் தலையைக் குனிந்துகொண்டார்கள். குறியை என்னோடு இழுத்தது யார் என்று அவர்களுக்கு அப்போது விளங்கியிருக்கும். ஊரில் என் பேச்சுக்கு எதிராக அவர்கள் பேசியது இல்லை.

அதன் பிறகு சசிகலாவின் வீட்டாரை யாரும் தண்ணீர்கூட எடுக்க விடவில்லை. புகார் கொடுத்த பிறகு நான் அவள் வீட்டுக்குப் பின்பக்கமாகப் போனேன். என் தங்கை என்னைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டாள். சசிகலா மட்டும் வெளியே வந்தாள்.

"போலீஸ்ல கேட்டாங்க. நகத்துனது நான்தான்னு மட்டும் சொன்னேன். வேற ஒண்ணும் சொல்லலீங்க மாமா. நீங்களும் சொல்லாதீங்க" என்றாள்.

"உன்ன உள்ள வெச்சிடுவாங்கம்மா."

"வெச்சா வெக்கட்டும். சுகுணாக்காவுக்கு வீட்டுக்காரரு போயிட்டாரு. இப்ப அவ சாஞ்சுக்கறதுக்கு நீங்கதான் இருக்கீங்க. அது நீங்கன்னு தெரிஞ்சா அவ யாருகிட்ட போவா?"

நான் வாய் பேசுகிறவன் என்று ஊருக்கே தெரியும். அன்று சரி என்று தலையை மட்டும் ஆட்டிவிட்டு வந்தேன்.

இன்று காலையில் சுகுணா குளித்துப் புடவை கட்டிக்கொண்டு வந்து என் எதிரில் நின்றாள். அடக்கம் முடிந்ததில் இருந்து அவள் யாரிடமும் பேசாமல் இருந்தாள். "அப்பா, மொரப்பூரு அத்தைக்குப் படிக்கத் தெரியாது, அது சொன்னா நிக்காது. நீங்கதான் பாறை மேல இருந்து பூராத்தயும் பாத்தீங்க. அவ குறிய மாத்துனத நீங்க வந்து சொல்லுங்க. நீங்க சொன்னாத்தான் எடுபடும்" என்றாள். வழி முழுவதும் ஆட்டோவில் என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள். அவளுக்காகத்தான் இங்கே வந்தேன். சசிகலாவைப் பற்றி என்ன சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டும் வந்தேன். எப்போதும் நான் ஒன்று சொல்ல ஆரம்பித்தால் அது தானாக வளரும். இன்று உட்கார்ந்து பெயர், வயது, தகப்பனார் பெயர் சொன்ன பிறகு, அந்தப் பெண்ணைப் பற்றி ஒரு பொய்யும் வாயில் வரவில்லை.

ஆகவே சசிகலா மேல் குற்றம் இல்லை. அவள் குறியைப் பெரியவர் நின்ற சரியான இடத்தில் வைத்தாள். அதைப் பார்த்து மருமகன் நல்ல வழிக்குத் திரும்பினார். நான் அதை இழுத்துத் தவறான இடத்தில் வைத்து, விரலை எடுக்காமல் பிடித்துக்கொண்டேன். அதைப் பார்த்து அவர் வண்டியைத் திருப்பினார். அவள் என்னைக் கூப்பிட்டபோது நான் போனை எடுக்கவில்லை. நவநீதனையும் ராமக்காளையும் தனித்தனியாகக் கூப்பிட்டுக் கேட்டால், நான் எதிரில் இல்லாவிட்டால், இதையே சொல்வார்கள்.

இதில் நான் முதலில் கூட்டிச் சொன்னவற்றை அந்தந்த இடத்திலேயே திருத்திவிட்டேன். மீதி உள்ளதில் கூட்டவோ குறைக்கவோ எதுவும் இல்லை. எழுதியதை எனக்குப் படித்துக் காட்டுவதாக ஆய்வாளர் அவர்கள் சொன்னார்கள். கதவைத் திறந்து வைத்து, வெளியே கேட்கும்படி சத்தமாகப் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டேன். வெளியே பெஞ்சில் என் மகள் உட்கார்ந்திருக்கிறாள் என்றும், இதை அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல என்னால் முடியாது என்றும் காரணம் சொன்னேன். கதவு திறக்கப்பட்டது, அப்போது அவள் பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தாள். முதல் வரியில் இருந்து கடைசி வரி வரை படிக்கப்பட்டது. நான் சொன்னபடியே இருக்கிறது. வெளியே பெஞ்சு காலியாக இருப்பதை இங்கிருந்தே பார்த்துக்கொண்டு கையெழுத்துப் போடுகிறேன்.

(ஒப்பம்) சி. மாயவன்